கொல்லையில் முளைத்த கோரை



தபசுகாலம் பிறந்தது, மாசிப் பனியும் விலகுகிறது. கீரை விதைக்கவும், வெண்டை ஊன்றவும், புடலைக்குப் பந்தல் போடவும் கொல்லையைக் கொத்துகிறீர்கள். நல்ல காரியமே. ஆனால் பாத்தியில் முளைத்திருக்கும் கோரையை என்ன செய்கிறீர்கள்?

அவசரக்காரர் பிடித்து இழுப்பார். புல் கையோடு வரும். கிழங்கு மண்ணில் தங்கும். மண்வெட்டியால் வெட்டிப் போடுகிறவர் பாடு அதைவிட மோசம். ஒரே வேரில் கோத்திருக்கும் கிழங்குகள் துண்டுபட்டு, உறங்கிக் கிடந்த கண்களெல்லாம் விழித்து, ஒன்றிருந்த இடத்தில் நாலு முளைக்கும். விவரம் அறிந்தவரோ ஒரு சாண் ஆழம் தோண்டி, கிழங்குகளைப் பொறுக்கி, பங்குனி வெயிலில் பரப்பிவிடுகிறார். நன்றாய்க் காய்ந்து சுருங்கிய கிழங்கு பிழைப்பதில்லை.

நம் பாவசங்கீர்த்தனமோ பலவேளை புல்லைப் பிடுங்குவதுதான். "கோபப்பட்டேன் சுவாமி" என்கிறோம். எத்தனை வருஷக் கோபம், ஏன் இன்னும் விடவில்லை என்பதைச் சொல்வதில்லை. வேலி ஒரு முழம் தள்ளிப்போனதற்காக அண்ணனும் தம்பியும் பேசாதிருக்கும் வீடுகள் இல்லையா? கிணறு ஒன்றே, ஒருவர் இறைத்துப் போனபின்தான் மற்றவர் வருகிறார். பிள்ளைகளும் அதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். வேர் ஓடுவது அப்படித்தான். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானமாகப் போகச் சொன்னவர் சேசுநாதரே.

ஆகையால் பாஸ்குவுக்கு முன் ஒருநாள் வேலியோரம் நின்று தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். வெறுங்கையோடு போகக் கூச்சமா? இன்று விதைக்கும் சிறுகீரையை ஏறக்குறைய 25 நாளில் பிடுங்கலாம்.