செவிலித்தாயும் பச்சைக்கிளியும்

பறவைகளைக் கூட்டில் அடைத்தல் பாவமென்று நம் மாணாக்கர்க்குப் பலகாலும் போதித்து வருகின்றோம். அடைபட்டும் அடிபட்டுங் கிடந்த பறவையொன்றை மீட்டுச் சிறிதுகாலம் பேணி, பின்பு நமதென்று கொள்ளாது விடுத்தல் எத்தகைய அறமென்பதை நாம் போதிப்பதில்லை. முன்னையது எளிது, செய்யாதொழிந்தாற் போதும். பின்னையதோ செய்தலும் வேண்டும், செய்தபின் இழத்தலும் வேண்டும். அவ்விழப்பிலே தோன்றுந் துக்கம் குணமோ குற்றமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மொட்டைப்பனைப் பொந்துகளிலே பச்சைக்கிளிகள் குஞ்சு பொரித்தலை யாழ்ப்பாணத்தார் அறிவர். பனை சாய்ந்தாலும் தறிக்கப்பட்டாலும் இறகு முளையாக் குஞ்சுகள் சிறுவர் கைப்படும். இறகரியப்பட்டுக் கூட்டிலே கிடந்து, வளர்த்தோர் பிறநாடு செல்லுங்கால் கைவிடப்படுவனவும் உள. இவ்வாறு நம் இல்லத்துக்கு வந்தன மூன்று. அரிந்த இறகு அடுத்த இறகுதிர்விலே மீள முளைக்கும். அதற்கு ஓராண்டளவும் பொறுத்திருத்தல் வேண்டும். ஓராண்டென்பது அன்பு வேரூன்றுதற்குப் போதிய காலம்.

கிளியின் இயல்பு இவ்வருத்தத்தை மிகுவிப்பது. அது கூட்டமாய் வாழ்வது. துணையின் தலையிறகைக் கோதி உறவாடுவது. தன்னினத்தைக் காணாது வளர்ந்த குஞ்சு மனிதரையே தன்னினமாக எண்ணும். விடியற்காலையில் நம் காலடியோசை கேட்டவுடன் அழைக்கும். தோளிலேறிக் காதுமடலை மெல்லக் கடிக்கும். தனித்துவிடப்பட்ட துயராலே தன் மார்பிறகைத் தானே பிடுங்கிக்கொள்வதும் உண்டு. இங்ஙனம் நம்மையே நம்பிய உயிரைப் பிறர்கையிற் கொடுத்துவிட்டு வெறுங்கூட்டோடு மீளும் வழி மிக நெடிது.

ஆயின் வைத்துக்கொண்டாலென்னை எனின், கூறுதும். நன்கு பேணப்பட்ட பச்சைக்கிளி 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழவல்லது. ஐம்பது கடந்த நாம் இன்று ஒரு குஞ்சை நமதென்று கொள்வேமாயின், அதனைப் பின்னொருநாள் அநாதையாக்குதற்கு இன்றே உடன்பட்டவராவேம். அன்றியும், இடம் ஒன்றே. அதனை ஒரு கிளி நிரப்பிவிடின், அடுத்த மாரியிற் சாயும் பனையின் குஞ்சுக்கு இடமில்லை. வைத்துக்கொள்ளுதல் ஒன்றன்மேல் இரக்கம். வாராத பலவற்றின்மேல் இரக்கமின்மை.

இனி, சடபரதர் சரித்திரத்தைக் காட்டி, இவ்வளர்ப்பே வேண்டாமென்பாரும் உளர். அரசு துறந்த பரதர் ஆற்றில் வீழ்ந்த மான்கன்றை எடுத்து வளர்த்தார், அதன்மேல் வைத்த நினைவோடு உயிர் நீத்தார், மானாய்ப் பிறந்தார். புராணம் கூறுவது உண்மையே. ஆயினும் கன்றை நீரினின்றும் எடுத்ததை அது குற்றமென்று கூறிற்றில்லை. தம்மையன்றி அதற்குப் புகலில்லை என்று எண்ணியதே அவரைப் பிணித்ததென்பது நங்கருத்து. கன்று வளர்ந்து மானினத்தோடு மேயும்படி அவர் விடுத்து, விடுத்தபின் அழுதிருப்பரேல், அவ்வழுகை பிறவிக்கு வித்தாகுமோ? ஆகாதென்றே துணிகின்றோம். பந்திப்பது ‘எனது’ என்னும் மமகாரம், கண்ணீரன்று.

நாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலே ‘உக்கிராணக்காரன்’ என்னுஞ் சொல்லை அடிக்கடி கேட்டோம். ஆண்டவன் பொருளை வைத்திருந்து கணக்கொப்புவிப்பவன் என்பது அதன் கருத்து. நல்ல கருத்தே, மறுக்கின்றிலேம். ஆனால் உக்கிராணக்காரன் பொருளை ஒப்புவித்துவிட்டு அழுவதில்லை. நம் அகப்பொருள் நூல்களிலே தலைவியை வளர்த்த செவிலி அழுகின்றாள்; உடன்போக்கிற் சென்றவளைப் பாலைநிலத்திலே தேடுகின்றாள். கலித்தொகையிலே அவளை எதிர்ப்பட்ட முக்கோற்பகவர் அவளைப் பழித்திலர். மகள் சென்றது அறநெறியென்றே தேற்றினர். உயிரைப் பேணினார்க்கு உவமையாவாள் அவளே.

நம்மிடத்து நேர்ந்த பிழையொன்றையும் மறையாது கூறவேண்டும். கிளிக்குச் ‘சிவசிவ’ என்று பழக்குதல் சைவ இல்லங்களிலே புண்ணியமென எண்ணப்படுகின்றது. மாணிக்கவாசக சுவாமிகள் திருத்தசாங்கத்திலே கிளியை விளித்தமையையும், மீனாட்சியம்மையின் திருக்கரத்திலே கிளி விளங்குதலையும் சான்று காட்டுவர். அம்மையின் கரத்துக் கிளிக்குக் கூடில்லை என்பதை அவர் நோக்கிலர் போலும். நாமும் முதற்கிளிக்கு அவ்வாறே பழக்கினோம். அதுவும் மூன்று மாதத்திற் கற்றுக்கொண்டது. வந்தவர் யாவரும் வியந்தனர். இறகு முளைத்தபின் கூட்டைத் திறந்துவிட்டோம். பனங்கூடலிலே கிளிக்கூட்டம் இரைந்துகொண்டிருக்க, அது அயல்வீட்டுத் திண்ணையிலே மனிதர் குரல் கேட்டு அங்கே இறங்கிற்று. பூனை அணுகுமுன் ஓடியெடுத்தோம். நம் தனிமைக்கு மருந்தாகத் திருநாமத்தை அதன் வாயில் வைத்தோமென்பது அன்றுதான் விளங்கிற்று. காட்டிற்கு அது உதவாதாயிற்று, உதவாதாக்கியவர் நாமே. பின்வந்த இரண்டனோடும் வேண்டியதற்குமேற் பேசினோமல்லேம், அவை பறந்துபோயின.

மாணாக்கர் எக்காலமும் நம்மையே வந்து கேட்கவேண்டுமென்று விரும்பும் ஆசிரியர் இதனைச் சிந்திப்பாராக.

அம்முதற்கிளியை, பறக்கவியலாப் பெட்டைக்கிளியொன்றைப் பேணும் அன்பரொருவர் இல்லத்திலே சேர்த்தோம். கொடுத்த இரவு நித்திரை வந்திலது. ஆறு திங்கள் கழித்துக் காணச் சென்றோம். அகன்ற கூண்டு, வேப்பங்கொம்பு நட்டிருந்தது. நம் கிளி துணையின் பிடரியிறகைக் கோதிக்கொண்டிருந்தது. நாம் அருகே நின்று ‘சிவசிவ’ என்றோம். அது தலை சாய்த்து ஒருமுறை நோக்கிற்று. மறுமொழி சொல்லாது மீளவுங் கோதத் தொடங்கிற்று. நெஞ்சு சிறிது நொந்ததென்பது மெய். வீட்டிலே, கழுவி வெயிலில் வைத்த கூடு, திறந்தபடியே இருந்தது.