துருப்பிடிக்கும் புதையல்

பிரான்ஸ் தேசத்தின் மேற்குப் பகுதியில், ஒரு கிராமத்து மாளிகையைச் சுற்றியிருந்த தகரக் கொட்டகைகளில் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகக் கேட்பாரற்றுக் கிடந்த பழைய மோட்டார் வண்டிகள் 2014-இல் வெளிப்பட்டபோது, உலகெங்கும் ரசிகர்களுக்கு உண்டான பரவசத்தை வெறும் பண ஆசையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. லாரிப் போக்குவரத்துத் தொழில் நடத்திய ரோஜர் பயோன் என்பவர், மோட்டார் வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் காணவேண்டுமென்ற மனோரதத்துடன் 1950-களில் சேர்க்கத் தொடங்கியவை அவை. தொழில் நொடித்தது, ஒரு பகுதி விலைபோயிற்று, எஞ்சியவற்றின்மேல் தூசியும் கொடியும் படர்ந்தன. நடிகர் ஆலென் தெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த 1961-ஆம் வருஷத்து ஃபெராரி, பழைய பத்திரிகைக் குவியலைச் சுமந்துகொண்டு நின்றது.

நிலத்தடியில் பொன் இருப்பதை அறியாமல் அதன்மீதே அன்றாடம் நடப்பவரைக் காட்டித்தான், நித்தமும் உறக்கத்தில் பிரம்மத்தை அடைந்தும் அதை உணராத ஜீவர்களின் நிலையைச் சாந்தோக்கிய உபநிஷதம் விளக்குகிறது. மத்தேயு சுவிசேஷத்திலோ, புதையலைக் கண்டவன் தன் உடைமையையெல்லாம் விற்று அந்த நிலத்தையே வாங்கிவிடுகிறான். இரண்டிடத்தும் காண்பவன் மதிப்பை உண்டாக்குவதில்லை. அது முன்னமே அங்கிருக்கிறது. கொட்டகைக் கதவு திறக்கும் கணத்து ஆனந்தமும் இவ்வகையினதே என்று தோன்றுகிறது: நம்முடைய நினைவின் தயவை நாடாமலே ஒரு வஸ்து இத்தனை காலம் இருந்து வந்திருக்கிறது!

ஆனால் உபநிஷதத்தின் பொன் மறதியால் குறைவதில்லை, இரும்போ குறைகிறது. அந்துப்பூச்சியும் துருவும் அரிக்கும் செல்வத்தைப் பூமியில் சேர்க்கவேண்டாமென்று எச்சரிப்பதும் அதே மத்தேயு சுவிசேஷந்தான். இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலுமாகப் பரந்த மஜோரே ஏரியின் அடியில் பல பத்தாண்டுகள் கிடந்து 2009-இல் கரையேற்றப்பட்ட 1925-ஆம் வருஷத்துப் புகாட்டியை, மறுவருஷம் ஏலத்தில் எடுத்த அமெரிக்கர் சீர்செய்ய முற்படாமல், உளுத்த கோலத்திலேயே தம் அருங்காட்சியகத்தில் வைத்தார். புதுத் தகடும் புதுச் சாயமும் ஏற்றியிருந்தால் ஒரு நல்ல புகாட்டி கிடைத்திருக்கும், ஏரியில் கிடந்த வண்டி மிஞ்சியிராது என்பதால், அவர் செய்ததே சரியென்பேன்.

பயோனின் வண்டிகளும் தூசி துடைக்கப்படாமலே பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டு, 2015 பிப்ரவரியில் ஏலம் போயின. அந்த ஃபெராரி மட்டும் 1 கோடியே 60 லட்சம் யூரோவைத் தாண்டிற்று. இவற்றைக் கண்டுபிடித்ததாக நாம் சொல்லிக்கொள்வதில் சற்று அகங்காரம் கலந்திருக்கிறது. வீட்டார் ஒருநாளும் அவற்றை மறந்தவரல்லர், அறியாதிருந்தது சந்தையே. அவர்களுக்கு அக்கொட்டகைகள் புதையலாக அல்ல, ஒரு மனிதரின் நிறைவேறாத ஆசையாகவே தினமும் கண்ணில் பட்டிருக்கும். அவ்வாசை பலித்திருந்தாலோ, வண்டிகள் அக்காலத்திலேயே மெருகேற்றப்பட்டு, கண்ணாடிபோல் பளபளக்கும் தரையில் பெயர்ப்பலகையுடன் நின்றிருக்கும். பயோனும் மகிழ்ந்திருப்பார், நாமும் நுழைவுச்சீட்டு வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு வந்திருப்போம்.