படையலில் கள், கோரிக்கையில் கள்ளுக்கடை

மலேசியாவின் ஷா ஆலம் நகரில் 1972 முதல் கார்ல்ஸ்பெர்க் ஆலை பீர் காய்ச்சி வருகிறது. அதே நகரில் 1988இல் திறக்கப்பட்ட சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் பள்ளிவாசலின் நீலக் குவிமாடம் வெகுதூரத்திலிருந்தே தெரியும். இஸ்லாத்தில் மது ஹராம். அங்கே கேள்விக்கு இடமில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இந்துக்களுக்கு அப்படி ஒரே விடை வாய்க்கவில்லை. அதியமான் தன்னோடு கள் பகிர்ந்த அன்பை நினைத்து அழுத ஔவையாரும் நம்மவர். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவரும் நம்மவர்.

ஷா ஆலம் எழுந்த இடம் முன்பு சுங்கை ரெங்கம் என்ற தோட்டப் பகுதி. இத்தகைய தோட்டங்களில் லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளின் மக்கள் முனியாண்டியைக் காவல் தெய்வமாக மரத்தடியில் நிறுத்தினார்கள். சுருட்டு, கள்ளு, சம்சு என்ற சாராயம் என்று தாங்கள் அறிந்த இன்பத்தையே அவருக்கும் படைத்தார்கள். பின்னாளில் பல கோயில்கள் ஆகம முறைக்கு மாறியபோது போத்தல் வெளியேறியது. சில இடங்களில் பீராக இன்னும் நிற்கிறது. அந்தப் படையலைத் தாழ்ந்த வழிபாடு என்று ஒதுக்குவது அநியாயம். கையில் இருந்ததைத் தெய்வத்தோடு பங்கிட்டவர்கள் அவர்கள்.

கள்ளுக்கடையின் கதையோ முற்றிலும் வேறு. தோட்டத்திலேயே கடை, வாங்கிய சம்பளம் அங்கேயே கரையும், வீட்டில் உலை கொதிக்காது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், பெண்கள் மீதான அத்துமீறல் நிற்க வேண்டும் என்ற கோரிக்கைகளின் வரிசையிலேயே கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலைத் தொடர்ந்தது. குடிப்பவன் நரகம் போவான் என்பதல்ல அவர்கள் பேச்சு. தன்மானம் பேசினார்கள்.

வள்ளுவரும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறார். புலால் மறுத்தலை அவர் அறத்துப்பாலில், துறவறத்தின் கீழ் வைத்தார். கள்ளுண்ணாமையை வைத்ததோ பொருட்பாலில், சூதுக்கு முந்திய 93ஆம் அதிகாரமாக. குடியால் மதிப்பு போகும், நாணம் போகும், அறிவு போகும், பெற்ற தாயே பொறுக்க மாட்டாள் என்பதே அவர் கவலை. பானத்தில் தீட்டு ஒட்டியிருக்கிறதா என்ற விசாரணையில் அவர் இறங்கவில்லை. குடித்தவன் எதை இழக்கிறான் என்று கணக்குப் பார்த்தார்.

ஐரோப்பிய மடங்களிலும் இந்தக் கணக்கு உண்டு. துறவிகள் மது தொடாதிருப்பதே நல்லது என்று எண்ணிய புனித பெனடிக்ட், அதை ஏற்கச் செய்வது கடினம் என்று கண்டு, நாளுக்கு ஓர் அளவு திராட்சை மதுவை அனுமதித்தார். அவர் விதியைப் பின்பற்றும் டிராப்பிஸ்ட் துறவிகள் பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெட்டரன் மடத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். அவர்களுடைய பீர் உலகப் புகழ் பெற்றபோதும் உற்பத்தியைப் பெருக்க மறுத்தார்கள். மடம் நடக்கும் அளவுக்கு விற்றால் போதும் என்றார்கள். அந்த மடத்தில் அளவை வகுத்தவர்கள் காய்ச்சியவர்களே. தோட்டத்துக் கள்ளுக்கடையில் அளவை வகுத்தது யார்? குடித்தவனும் அல்ல, அவன் மனைவியும் அல்ல.

மலேசியா 2017 டிசம்பரில் மது வாங்கும் வயதை 18லிருந்து 21ஆக உயர்த்தியது. 2020இல் போதையில் வண்டி ஓட்டி உயிரைப் பறிப்போருக்கு 10 முதல் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் இங்கே வள்ளுவரைப் போலவே விளைவைப் பார்க்கிறது. முனியாண்டிக்குப் போத்தல் வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடும் கோயில் குழுக்கள் ஆகமத்தைக் கேட்கட்டும், தவறில்லை. மலிவான சம்சுவுக்குக் கணவனையோ மகனையோ பறிகொடுத்த பெண்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்து, அவர்களை முதலில் பேசவிட வேண்டும்.