கைராசிக்கு ஏது கணக்கு?

கடவுளை மறுப்பவர்கூட டாக்டரின் கைராசியை மறுப்பதில்லை. "முப்பது வருஷ அனுபவம்" என்பார், அதோடு பேச்சு முடிந்தது. தவறு திரும்பி வந்து முகத்தில் அறைந்தால்தான் அனுபவம் பாடமாகும். பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்பவருக்கு அந்த அறை பெரும்பாலும் விழுவதே இல்லை.

குடல்வால் இருக்கும் முனைவரை குழாயைச் செலுத்துவது பாதி வேலைதான். மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்க வேண்டும். அப்பிய சளியைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். மடிப்பு மறைவில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் அடினோமா, அதாவது பின்னாளில் புற்றாகக்கூடிய சிறு கட்டி, கண்ணில் படாமல் போனால் யாருக்கும் வலிக்காது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரும். நோயாளி கும்பிட்டுவிட்டுப் போவார். சில ஆண்டுகளில் அது புற்றாகி வேறொரு மருத்துவமனையில் தெரியவந்தால், முதலில் பார்த்தவருக்குத் தகவல்கூடப் போகாது. அவர் அனுபவம் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.

பிரிட்டனில் 1999இல் 9,223 பரிசோதனைகளைத் தணிக்கை செய்தார்கள். பெருங்குடலின் மறுமுனைவரை போனதாக எழுதப்பட்டவை 76.9 சதவீதம். போனதற்குத் திடமான அடையாளம் கேட்டபோது 56.9! முதல் நூறு பரிசோதனைகளை மேற்பார்வையில் செய்து பழகியவர்கள் 17 சதவீதம்தான். இந்த மானக்கேட்டை மூடி மறைக்காமல் அச்சிட்டார்கள். பயிற்சி, தகுதிச் சான்று, ஆளுக்கொரு கணக்கு என்று வந்தது. 2011 தணிக்கையில் மறுமுனைவரை போனவை 92.3 சதவீதம். இதில் ராசிக்கு என்ன வேலை?

கலிஃபோர்னியாவில் 136 மருத்துவர்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு இன்னும் கசப்பானது. நூறு நோயாளிகளில் எத்தனை பேரிடம் ஒரு அடினோமாவாவது கண்டார் என்ற விகிதம் ஒரு மருத்துவருக்கு 7.4 சதவீதம், இன்னொருவருக்கு 52.5. அந்த விகிதம் ஒரு சதவீதம் கூடக்கூட, பிற்பாடு புற்று வரும் அபாயம் 3 சதவீதம் குறைவாக இருந்தது. ஏழுக்காரரின் நோயாளிகளும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

எண்ணை வைத்து அளந்தால் எண்ணுக்காகவே வேலை செய்வார்களே? செய்வார்கள்தான். ஒன்று கிடைத்ததும் கணக்கில் ஏறிவிடும், அடுத்ததைத் தேட அவசரம் இருக்காது. அப்படியானால் ஒவ்வொரு நோயாளியிடமும் எத்தனை கண்டார் என்றும் எண்ணுங்கள்.

கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், "சார், நூறு பேரில் எத்தனை பேரிடம் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாராம். கணக்கு வைத்திருப்பவர் ஏன் கோபிக்கப் போகிறார்?