காலச் சுருக்கமும் கல்விப் பெருக்கமும்

கல்விக்குரிய காலத்தைச் சுருக்கிப் பொருளைச் சேமிப்பது அறமாகுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பெரும்பாலும் கணக்கு வினாவாகவே கொள்ளப்படுகின்றது. ஆங்குக் கட்டணம் மிகுதி. ஆதலால் தவணைதோறும் கூடுதலான பாடங்களை ஏற்று, நான்காண்டுப் படிப்பை முன்னதாகவே முடிப்போர் உளர். இலங்கையின் நிலை வேறு. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டத்தின் பயனை அரச பல்கலைக்கழக மாணவர் இன்றும் நுகர்கின்றனர். கட்டணமில்லாத இடத்திற் சேமிப்பதற்கு யாதுளது எனச் சிலர் வினவலாம்.

கட்டணம் இலவசமாயினும் காலம் இலவசமன்று. நெடுந்தீவிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து பயிலும் மாணவன் அறை வாடகையும் உணவுச் செலவும் இறுத்தேயாக வேண்டும். அவன் உழைத்து ஈட்டியிருக்கக்கூடிய வருவாயும் குடும்பத்துக்கு இழப்பாகின்றது. கலைப்பீடங்களில் மூன்றாண்டுப் பொதுப்பட்டம், நான்காண்டுச் சிறப்புப்பட்டம் என்னும் இருவழிகள் வழக்கிலுள்ளன. இலங்கைத் தகைமைச் சட்டகம் முன்னையதற்கு 90 அலகுகளையும் பின்னையதற்கு 120 அலகுகளையும் விதிக்கின்றது. ஓரலகு 50 மணிநேரக் கற்றலாகும். எனவே, மூன்றாண்டோடு வெளியேறுபவன் 1500 மணிநேரக் கற்றலை விட்டுச் செல்கின்றான். ஒரு பொருளை ஆழ்ந்து ஆராய்ந்து ஆய்வேடு எழுதும் பயிற்சி பெரும்பாலும் அந்நான்காம் ஆண்டிலேயே கிட்டுவதாகும்.

இவ்விழப்பைச் சுட்டி அவனைக் குறைகூறுவது எளிது. ஆயின், தங்கையின் படிப்பும் தந்தையின் கடனும் அவனுடைய முதற் சம்பளத்தை எதிர்நோக்கியிருக்கையில், ‘கல்வியின் ஆழம்’ பற்றி அவனுக்கு உபதேசிக்கும் உரிமை அவ்வாண்டின் செலவை ஏற்காதார்க்கு உண்டோ?

ஈண்டுச் செட்டையும் உலோபத்தையும் வேறுபடுத்தி நோக்குதல் தகும். பட்டத்துக்குரிய ஆண்டைச் சேமிப்பது செட்டு. கற்றலையே சேமிக்க முனைவது உலோபம். வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆண்டுக்கணக்கிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பட்டம் விரைந்து வந்தது. கற்றல் அதனோடு நின்றுவிடவில்லை. வீரசோழியம் 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885 இலும், கலித்தொகை 1887 இலும் அவரது பதிப்புகளாக வெளிவந்தன. பட்டம் பெற்று இருபதாண்டுகளுக்கு மேலாகியும் அவர் மாணவராகவே வாழ்ந்தார் எனலாம். மாறாக, குறிப்புகளை மனனஞ் செய்து தேர்வறையிற் கொட்டுபவனுக்கு நான்காண்டும் வீணே.

எனினும், சுருக்குவதா நீட்டுவதா என்னும் தெரிவு எல்லார்க்கும் ஒப்ப வாய்ப்பதில்லை. எப்பாடத்தை முதலாமாண்டிற் கொண்டால் எவ்வழி திறக்கும், எவ்வழி அடைபடும் என்பதைப் பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளை வீட்டிலேயே அறிகின்றது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவனோ அதனைக் காலங்கடந்தே அறிகின்றான். அறிந்து மூன்றாண்டைத் தெரிவது திட்டம். அறியாது அதற்குள் தள்ளப்படுவது அநீதி. இவ்வநீதியைக் களைதல் விரிவுரையாளர்க்கும் மூத்த மாணவர்க்கும் உரிய கடமையாகும். புதுமுக மாணவரை வரவேற்கும் நாளில் மாலையோடு இவ்வறிவையும் வழங்குதல் வேண்டும். அதற்குப் பணமும் வேண்டியதில்லை; ஒரு பிற்பகலே போதும்.