போலியும் மாற்றும்

நன்னூல் படித்தவனுக்குப் போலி என்பது வசைச்சொல் அல்ல. ஐந்து அஞ்சு ஆகிறது. பந்தல் பந்தர் ஆகிறது. நிலம் நிலன் ஆகிறது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து அமர்கிறது, பொருள் மாறுவதில்லை, இலக்கணமும் அதை வழு என்று தள்ளாமல் ஏற்றுக்கொள்கிறது. கடைத்தெருவிலோ அதே சொல் மோசடியைக் குறிக்கிறது. மாற்று என்ற சொல்லின் கதி இன்னும் விசித்திரம். உரைகல்லில் தேய்த்துச் சொல்லப்படும் பொன்னின் தரமும் மாற்று. ஒன்று இல்லாதபோது அதன் இடத்தில் வைக்கப்படும் இன்னொன்றும் மாற்று. சுத்தத்தின் அளவும் பதிலியின் பெயரும் ஒரே சொல்லாக இருக்கும் ஒரு பாஷையில், அசல் எது என்ற கேள்வியை அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிகளை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம். எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1985 முதல் 1996 வரை செய்த வண்டி. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைசக்தி. செய்வது நின்று கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. நகரத்தில் இது இப்போது சேகரிப்பாளர்களின் பண்டம். கிராமத்தில் பால்கேனும் புல்லுக்கட்டும் சுமக்கிற வண்டி. ஒரே இயந்திரம்தான்; ஆனால் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு இவ்விரு இடங்களிலும் ஒரே அர்த்தம் இல்லை.

அதற்கு முந்திய தலைமுறை வண்டிகளில் - சென்னையில் 1955 முதல் உருவான புல்லட்டில், மைசூரிலிருந்து வந்த யெஸ்டிகளில் பெரும்பாலானவற்றில் - தீப்பொறியைத் தீர்மானித்தது 'பாயிண்ட்'. இரண்டு சிறு உலோக முனைகள்; சுழலும் கேம் ஒன்று அவற்றைப் பிரிக்கும்; பிரியும் கணத்தில் காயிலில் மின்சாரம் அறுபட்டு, ப்ளக்கில் பொறி தாண்டும். புல்லட்டுக்கு அந்த இடைவெளி 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டர். முனை கருகினால் உப்புத்தாளால் தேய்க்கலாம். அளவுகோல் கையில் இல்லையென்றால் சிகரெட் அட்டையைச் செருகிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் காரணம், கைக்கு எட்டும் பரிகாரம். மழையில் நின்றுபோன வண்டிக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று மெக்கானிக்கால் காட்டியே விளக்க முடிந்தது.

ஆர்.எக்ஸ். 100-இல் பாயிண்ட் கிடையாது, சி.டி.ஐ. உண்டு. மேக்னெட்டுக்குள் இருக்கும் ஒரு காயில் சில நூறு வோல்ட் மின்சாரம் உண்டாக்கி ஒரு கெபாசிட்டரை நிரப்புகிறது. இன்னொரு சிறு காயில், மேக்னெட் குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. உடனே தைரிஸ்டர் கதவைத் திறந்துவிட, சேர்ந்திருந்த மின்சாரம் முழுவதும் இக்னிஷன் காயிலுக்குள் பாய்கிறது. அது பல்லாயிரம் வோல்ட்டாகிப் பொறி விழுகிறது. டூ ஸ்ட்ரோக் ஆகையால் சுற்றுக்கு ஒரு பொறி. நிமிஷத்துக்கு 7500 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 125. தேய்வதற்கு எதுவுமில்லை, திருத்துவதற்கும் எதுவுமில்லை. எல்லாம் ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டிக்குள், பிசின் ஊற்றி இறுக்கப்பட்டிருக்கின்றன. அதிர்விலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பாற்றவே பிசின் என்பது தொழில்நுட்ப நியாயம், மறுக்கவில்லை. ஆனால் அதே பிசின் மெக்கானிக்கின் கண்ணையும் மூடிவிட்டது. ப்ளக்கில் 'கரண்ட் வரவில்லை' என்றால் காயில்களைச் சோதித்துவிட்டு, மிச்சமிருக்கிற பெட்டியின் மேல் சந்தேகப்பட்டு, வேறொன்றை மாட்டிப் பார்க்க வேண்டியதுதான். மாட்டியதும் வண்டி கிளம்பினால் பழையது கெட்டது என்று முடிவு. ஏன் கெட்டது, எது கெட்டது என்பவை கேட்கப்படாத கேள்விகள்.

இந்தப் பெட்டி கம்பெனியிலிருந்து புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. எங்கோ பழைய சரக்கு அகப்பட்டால் சேகரிப்பாளர் கொடுக்கும் விலையைப் பால்காரர் கொடுக்க முடியாது. ஆகவே பெயர் தெரியாத பட்டறைகளிலிருந்து வரும் மலிவான பெட்டி, அல்லது வேறொரு வண்டியின் பெட்டியை ஒயர் மாற்றி இணைப்பது. வண்டி ஓடுகிறது. தார்மீகக் கேள்வி இங்கேதான் ஆரம்பமாகிறது.

அது அதே வண்டிதானா என்று கேட்பது பழைய தத்துவ விளையாட்டு. அச்சா ரதம், சக்கரமா ரதம், நுகமா ரதம் என்று நாகசேனர் மிலிந்தனை மடக்கினார். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரை பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம்பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். மரச்சட்டங்கள் மாறுகின்றன, வடம் மாறுகிறது, பிடிப்பவர் மட்டுமல்ல, ராஜ்யமே மாறியிருக்கிறது. தேர் வேறு என்று யாரும் சொல்வதில்லை. ஆகமம் இன்னும் தெளிவாக இருக்கிறது. பின்னமான மூர்த்தி வழிபாட்டுக்கு ஆகாது. கலாகர்ஷணம் செய்து சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, புதிய மூர்த்தியைப் பிரதிஷ்டை செய்ய வேண்டும். இதில் நான் கவனிக்க விரும்புவது சக்தி இடம்பெயர்வதை அல்ல. மாற்றம் ஊரறிய நடக்கிறது என்பதை. மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை, அது அதுவேதானா என்ற விஷயத்தை எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் கொண்டு ஆர்.சி. புத்தகம் தீர்த்துவிடுகிறது, சி.டி.ஐ.யைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அசல் என்பதற்கு உண்மையிலேயே அர்த்தமுள்ள இடங்கள் உண்டு. பணம் எண்ணுவது என் தொழிலாகையால் ஒன்றைச் சொல்கிறேன். கசங்கி, எண்ணெய் ஏறி, ஓரம் நைந்த நோட்டுக்கு முழு மதிப்பு உண்டு. குற்றம் சொல்ல முடியாத கச்சிதத்துடன் அச்சிட்ட கள்ளநோட்டுக்கு எதுவும் கிடையாது. முத்திரை குத்திப் பறிமுதல் செய்வோம், கொண்டுவந்தவருக்குத் திருப்பித் தருவதுமில்லை. நோட்டு ஒரு வேலையும் செய்வதில்லை - எங்கிருந்து வந்தது என்பதே அதன் முழு இருப்பு. செப்பேடும் அப்படித்தான். நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்த சாசனத்தை எழுத்துப் பிசகாமல் இன்னொரு தகட்டில் ஒருவன் வெட்டியிருந்தால், அதற்கு ஒரு குழி நிலமும் கிடைத்திராது. ஆனால் சி.டி.ஐ. அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. அது வேலையால் மட்டுமே இருக்கிறது. லட்சக்கணக்கில் ஒன்றுபோல வார்க்கப்பட்ட பெட்டிகளில் ஒன்றுக்கு வால்டர் பென்யமின் சொன்ன ஒளிவட்டத்தை அணிவிப்பது, பென்யமினையும் பெட்டியையும் ஒருசேரப் புரிந்துகொள்ளாதது. சேகரிப்பாளர் செய்வது அதைத்தான்: இயந்திர உறுப்பை நோட்டாக மாற்றிவிடுகிறார். பிர்ஸிக்கின் 1974-ஆம் வருஷத்து நாவலில், நண்பரின் பி.எம்.டபிள்யூ. கைப்பிடி நழுவுகிறது, பீர் டப்பாவின் அலுமினியத் தகட்டை வெட்டிச் செருகினால் சரியாகிவிடும் என்று கதைசொல்லி சொல்கிறார், நண்பர் முகம் சுளிக்கிறார். உலோகமாகப் பார்த்தவருக்கு அது உத்தமமான தகடு. வந்த வழியைப் பார்த்தவருக்குக் குப்பை.

ஆக, மாற்று உறுப்பு குற்றமல்ல. குற்றம் இரண்டு இடங்களில் நேரலாம். ஒன்று அட்டைப்பெட்டியில். கம்பெனியின் பெயரைத் திருடி அச்சிட்ட பெட்டிக்குள் அதே மலிவுச் சரக்கு வரும்போது, வாங்குகிறவர் கொடுப்பது உறுப்புக்கான விலையை அல்ல, வம்சாவளிக்கான விலையை. 'இது லோக்கல்தான் அண்ணே, ஆறு மாசம் ஓடினா லாபம்' என்று சொல்லிக் கொடுக்கும் கடைக்காரரிடம் போலி இலக்கணப் போலியாகவே நிற்கிறது.

இரண்டாவது குற்றம் நுட்பமானது; நேர்மையான கடைக்காரரும் அறியாமல் செய்யக்கூடியது. பொறி விழுந்தால் போதாது, எப்போது விழுகிறது என்பதும் இருக்கிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சில டிகிரி முன்னால் விழ வேண்டும். வேறொரு எஞ்சினுக்காக வகுக்கப்பட்ட பெட்டி தன் எஞ்சினின் காலக்கணக்கைக் கூடவே கொண்டுவருகிறது. உதைத்ததும் கிளம்பும், ஊருக்குள் நன்றாகவே ஓடும். பாரம் ஏற்றிக் கடலூர் ரோட்டில் நெடுந்தூரம் விரட்டும்போதுதான், பொறி அளவுக்கு மிஞ்சி முந்தி விழுந்து, எரிவாயு வெடித்து, சூடேறி, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். உறுப்பை மாட்டியவர் அப்போது அங்கே இருக்கமாட்டார். மலிவின் பாக்கி இப்படித் தவணை தாண்டி வசூலாகிறது, அதுவும் யாரிடம் பிஸ்டன் வாங்கப் பணமில்லையோ அவரிடமே.

நம் புதுக்கவிதை வாதங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1959-இல் 'எழுத்து' ஆரம்பித்த பிறகு, இது இறக்குமதிச் சரக்கு என்று ஒரு கட்சி கூவியது. இல்லை, சங்கக் கவிதையிலேயே வேர் இருக்கிறது என்று மறு கட்சி ஆதாரம் தேடியது. இரண்டு பேரும் கவிதையை நோட்டாகவே பாவித்தார்கள். வசனகவிதை எழுதிய, விட்மனைப் பற்றியும் எழுதிய பாரதி 1908 முதல் 1918 வரை இருந்தது இதே புதுச்சேரியில்தான். அவருக்கு வாங்கிக்கொள்வதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. வாங்கியதா என்பது அல்ல கேள்வி. 1922-ஆம் வருஷத்து லண்டனின் களைப்பை, ஒயரை மட்டும் மாற்றி, தஞ்சாவூர்க் குமாஸ்தாவின் நெஞ்சில் பொருத்தியவர்கள் உண்டு. பொறி விழுந்தது, வரிகள் கிளம்பின. எந்தக் கணத்தில் விழுந்தது என்று நம் விமர்சனம் கேட்கவில்லை. வம்சாவளி பார்ப்பதிலேயே அதன் ஆயுள் கழிந்தது. இதற்கு நம்மில் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

மறுபடி பெட்டிக்கு வந்தால், அசலின் தரப்பிலும் ஒரு பாக்கி இருக்கிறது. மெக்கானிக்கை அறியாமையில் தள்ளியது மலிவுப் பெட்டி அல்ல. அசல் பெட்டிதான் முதலில் அதைச் செய்தது. நகல் அந்தப் பிசினையும் சேர்த்து நகலெடுத்தது, அவ்வளவே. மூன்று கிராமங்களின் வருமானத்தில் வித்தை கற்பித்த பாகூரில், இன்று ஒரு கொட்டகைக்குள் இருப்பவருக்குத் தன் கையிலுள்ள பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. உள்ளே இருப்பதோ பெரிய ரகசியம் அல்ல. ஒரு கெபாசிட்டர், ஒரு தைரிஸ்டர், சில டயோடுகள், சில ரெசிஸ்டர்கள். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பையன் ஒருவன் கடையில் வாங்கி, ஒரு நாள் உட்கார்ந்து ஈயம் வைத்துவிடலாம். பிசின் ஊற்றாமல் திருகாணி போட்ட மூடிக்குள் வைத்தால், கெபாசிட்டர் போனால் கெபாசிட்டரை மட்டும் மாற்றலாம். அப்படிச் செய்ததை அசல் என்பதா, போலி என்பதா? மெக்கானிக்குக்கு அந்தச் சந்தேகம் வராது. டைமிங் லைட்டைப் பிடித்து, மேக்னெட்டில் உள்ள கோடு எங்கே நிற்கிறது என்றுதான் அவர் பார்ப்பார்.