உயிரணுவும் பிறர் உரிமையும்

ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்டக்கலையில், ஒன்றையொன்று தழுவி நிற்கும் இரு பொதுவிதிகள் உள்ளன. தவிர்க்கவொண்ணா நெருக்கடி விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது ஒன்று. இதனை யாவரும் அறிவர். ஒருவருடைய நெருக்கடி மற்றவருடைய உரிமையை அழித்துவிடாது என்பது மற்றொன்று; இதனை நாம் அத்துணை நினைவிற் கொள்வதில்லை. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டநூலில் இது 33ஆம் விதியாக இடம்பெற்றுள்ளது. பசியால் உயிர் போகும் நிலையில் உள்ளவன் பிறனுடைய ரொட்டியை எடுத்து உண்ணலாம். அதனால் அவன் பாவியாகான். ஆயினும் பின்னர் அதன் விலையை உடையவனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். மனித உயிரணுக்களை மருத்துவ ஆராய்ச்சியில் பயன்படுத்துவது தகுமா எனும் வினாவுக்கு இவ்விரு விதிகளும் சேர்ந்தே விடையளிக்க வேண்டும் என்பது என் துணிபு.

இவ்வினா நம் வீட்டு வாசலுக்கே வந்ததுண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகமெங்கும் தொடங்கிற்று. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும் ஊசி போடத் திட்டமிட்டனர். கைப்பேசிகளில் வதந்திகள் பரவின; பெற்றோர் பலர் தயங்கினர்; முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க நேர்ந்தது. வதந்திகள் அடிப்படையற்றவை. ஆனால், "இம்மருந்தை எதிலிருந்து செய்கிறார்கள்?" என்று ஒரு தாய் கேட்டால், அவள் கீரனூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், உண்மையான விடையைப் பெற அவளுக்கு உரிமை உண்டு.

விடை இது: வைரஸ் தானாகப் பெருகாது, உயிருள்ள அணுவினுள் புகுந்தே பெருகும். ஆதலின் வலுக்குறைத்த ரூபெல்லா வைரசை வளர்க்க உயிரணுக்கள் தேவை. புனே சீரம் நிறுவனத்தின் மருந்தில் அவை மனித அணுக்களே. இவ்வகை அணுத்தொடர்களில் பெயர்பெற்றவை இரண்டு. ஒன்று 1962இல் ஸ்வீடனிலிருந்தும், மற்றொன்று 1966இல் இங்கிலாந்திலும் பெறப்பட்டவை. இரண்டும் கலைக்கப்பட்ட சிசுக்களின் நுரையீரலிலிருந்து எடுத்தவை. அக்கருக்கலைப்புகள் மருந்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவ்வணுக்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்து பெருகக் கூடியவை என்பதாலும், கடுங்குளிரில் உறைய வைத்துக் காக்கலாம் என்பதாலும், அன்று எடுத்தவையே இன்றும் பயன் தருகின்றன. புதிதாக ஒரு சிசுவும் தேவைப்படவில்லை. வைரசைப் பிரித்தெடுக்கும்போது அணுக்கள் வடிகட்டப்படுகின்றன.

நெருக்கடி எத்தகையது? கருவுற்ற பெண்ணை முதல் மாதங்களில் ரூபெல்லா பற்றினால் குழந்தை கண்புரையோடும், செவிட்டுத்தன்மையோடும், இதயக் குறையோடும் பிறக்கலாம். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதனை 1941இல் கண்டறிந்தார். அமெரிக்காவில் 1964-65இல் பரவிய நோயினால் சுமார் 20,000 குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. நம் பக்கத்து மதுரையில், அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வும் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் காயத்தாலன்றி வந்த கண்புரையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்கு ரூபெல்லாவே காரணம் என்று அது காட்டிற்று. எனவே ஊசியை மறுப்பவர் தமக்கு மட்டும் மறுத்துக்கொள்வதில்லை. அண்டை வீட்டுக் கருவறையில் உள்ள கண்களையும் பணயம் வைக்கிறார். பிறர்க்குத் தீங்கு நேரச் செய்வதை மார்க்கம் இசையாது. முதல் விதிப்படி இம்மருந்து ஆகும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெரும்பாலோர் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர். இரண்டாம் விதி என்னாவது? ஸ்வீடன் நாட்டுப் பெண்ணிடம் இசைவு கேட்கப்படவில்லை. 120 நாட்களுக்கு முன் ரூஹு ஊதப்படவில்லை, ஆதலின் யாருடைய உரிமையும் கெடவில்லை என்பார் உளர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கரு தரித்த தொடக்கத்திலேயே அதற்கு மதிப்பைக் கண்டு, படிப்படியாக அது வளர்வதாகவே கூறினார்கள். அதனை விட்டுவிடினும், தாயின் உரிமை சிசுவின் நாட்கணக்கைப் பொறுத்ததன்று. அவள் உடலிலிருந்து பெற்றதை அவளறியாமல் வைத்துக்கொண்டது அடியார் உரிமையைச் சார்ந்த குற்றம், ஹக்குல் இபாத். உரியவர் மன்னித்தாலன்றி அது தீராது.

காலம் கடந்தால் இக்கடன் அழியுமா? 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் எனும் கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய் அணுக்களை அவரறியாமல் ஆராய்ச்சிக்கு எடுத்தனர். உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அவற்றால் வளர்ந்தன; போலியோ மருந்தைச் சோதிக்கவும் அவை உதவின. அவ்வணுக்களால் ஈட்டிய பொருள் குறித்து அவருடைய வாரிசுகள் தொடுத்த வழக்கில், ஒரு பெருநிறுவனம் சமரசம் செய்துகொண்டது 2023இல்தான். 72 ஆண்டுகள் சென்றும் உரிமை உயிரோடிருந்தது.

பெயரறியாத பெண்ணுக்கு நாம் எங்ஙனம் செலுத்துவது? உரியவரைக் கண்டறிய இயலாத பொருளை அவர் பொருட்டு அறத்தில் செலவிடுமாறு சட்ட அறிஞர்கள் வழிகாட்டியுள்ளனர். அவளுக்கு இழைத்ததை இனி எவருக்கும் இழைக்காமற் காப்பதே இங்கு உரிய அறமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், உடற்பொருட்களை ஆய்வுக்குச் சேமிக்க அறிந்து தரும் இசைவு வேண்டும் என்கின்றன. ஏட்டில் இருப்பது மருத்துவமனைக் கட்டிலருகே வருகிறதா என்பதே கேள்வி. இன்னதென்று அறியாத பொருளை விற்பதும் வாங்குவதும் நம் ஷரீஅத்தில் செல்லாது. படிக்கவியலாத தாளில், வலியால் துடிக்கும் ஏழை இட்ட கைரேகை மட்டும் எப்படி இசைவாகும்? அவருடைய மொழியில், அவருக்குப் புரியும்படி, மறுக்கவும் இடந்தந்து சொல்ல வேண்டும். படித்த இளைஞர்கள் நம் ஊர்களிலிருந்து மருத்துவமனை செல்லும் எளியவர்க்குத் துணை சென்று, எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவதே போதுமான தொடக்கம்.

பிள்ளைக்கு ஊசி போடுங்கள். அதில் தயக்கம் வேண்டா. அதே வேளை, உண்ட ரொட்டிக்கு விலை பாக்கியிருக்கிறது என்பதையும் மறவாதீர்கள். அப்பெண்ணின் பெயரை நாம் அறியோம், அல்லாஹ் அறிவான். பிறர் உரிமையைப் பேணும் அறிவை அவன் நம் அனைவருக்கும் நல்குவானாக!